ஒரே ஒரு கோப்பை மட்டும் மறுபடி இணைப்பது எப்படி

நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருளில் இரண்டு கிளைகளை (ஒரே திட்டத்தின் தனித்தனி மாற்றப் பாதைகளை) இணைக்கும்போது எல்லாக் கோப்புகளும் ஒழுங்காகச் சேர்ந்து, ஒன்று மட்டும் தவறாகப் போய்விடுவது அடிக்கடி நடக்கும். உடனே முழு இணைப்பையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்பார்கள். தேவையில்லை. மற்ற கோப்புகளில் பொறுமையாகப் பிரித்துப் பார்த்துத் தீர்த்த மோதல்களும் (ஒரே இடத்தை இரு கிளைகளும் வேறுவேறாக மாற்றியிருப்பது) அதோடு வீணாகிவிடும். கெட்டுப்போனதை மட்டும் வெளியே எடுத்துச் சரிசெய்யலாம்.

மளிகைக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளைப் பராமரிக்கும் சிறிய குழுவில் நான் இருக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது: நெய் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தது, ஷாம்பூவும் பற்பசையும் 18-லிருந்து 5-க்கு. இந்த மாற்றங்களைப் 'புதியவரி' என்ற கிளையில் ஒருவர் செய்தார். அதே வாரத்தில் முதன்மைக் கிளையில் இன்னொருவர் ஒவ்வொரு பொருளுக்கும் எச்எஸ்என் குறியீட்டை (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) சேர்த்தார். இரண்டு பேரும் தொட்டது வரி.சிஎஸ்வி என்ற கோப்பில் ஒரே வரிகளை (லைன்). மோதாமல் என்ன செய்யும்?

இணைக்க உட்கார்ந்த தம்பி நம் பக்கத்தை, அதாவது முதன்மைக் கிளையை, எடுக்கும் 'செக்கவுட் --ஔவர்ஸ்' கொடுத்தார், மோதல் தீர்ந்தது என்று குறிக்கும் 'ஆட்' கொடுத்தார். மோதல் மறைந்தது, கூடவே வரிக்குறைப்பும் மறைந்தது. அந்தச் செக்கவுட் கட்டளை மோதிய வரிகளை மட்டும் நம் பக்கத்திலிருந்து எடுப்பதில்லை. கோப்பு முழுவதையும் நம் பக்கத்துப் பிரதியாக மாற்றிவிடும். மோதாமல் தானாகவே சேர்ந்திருந்த எதிர்க்கிளை வரிகளும் போய்விடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அதைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

கீழே கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே அடியுங்கள்.

முதலில், இணைப்பை இன்னும் கமிட் செய்யவில்லை (வரலாற்றில் பதியவில்லை) என்றால் வேலை மிக எளிது. மோதல் வந்த ஒவ்வொரு கோப்புக்கும் கிட் தன் இண்டெக்ஸில் (அடுத்த கமிட்டுக்கான தயாரிப்புப் பட்டியலில்) மூன்று பிரதிகளை வைத்திருக்கும்: 1 என்பது இரு கிளைகளும் பிரிவதற்கு முந்தைய பொதுப் பிரதி, 2 நம்முடையது, 3 எதிர்க்கிளையினுடையது. 'ஆட்' கொடுத்ததும் இந்த மூன்றும் விலகிவிடும். ஆனால் மோதலை மீட்பதற்கான குறிப்பைக் கிட் இண்டெக்ஸிலேயே தனியாகச் சேமித்துவைக்கிறது. கிளை மாறினால் அது அழிந்துவிடும். ஆகவே வேறு கிளைக்குப் போகாமல் இதைக் கொடுங்கள்:

கிட் செக்கவுட் --கான்ஃப்ளிக்ட்=டிஃப்3 -- வரி.சிஎஸ்வி

அந்தக் கோப்பில் கையால் செய்த திருத்தங்கள் எல்லாம் அழிந்து, மோதல் புதிதாகத் தோன்றும். திருத்தங்களில் ஏதாவது தேவைப்படும் என்று தோன்றினால் முன்னதாகவே ஒரு நகல் எடுத்து வையுங்கள். திறந்தால் இப்படி இருக்கும்:

<<<<<<< ஔவர்ஸ்
நெய்,0405,12
ஷாம்பூ,3305,18
||||||| பேஸ்
நெய்,12
ஷாம்பூ,18
=======
நெய்,5
ஷாம்பூ,5
>>>>>>> தெயர்ஸ்

நடுவில் இருக்கும் 'பேஸ்' பகுதிதான் இங்கே முக்கியம். அது இல்லாமல் பார்த்தால் 12 சரியா, 5 சரியா என்று குழம்ப வேண்டியதுதான். அது இருப்பதால், 12 என்பது நாம் போட்ட எண் அல்ல, பழையது அப்படியே தங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. நாம் செய்தது குறியீட்டைச் சேர்த்தது மட்டும். அவர்கள் செய்தது விகிதத்தைக் குறைத்தது மட்டும். விடை தானாக வந்துவிடும்: நெய்,0405,5 மற்றும் ஷாம்பூ,3305,5. குறிகளை நீக்கிச் சேமித்து, 'ஆட்' கொடுங்கள். 'மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல்' அமைப்பை டிஃப்3 என்று நிரந்தரமாகவே வைத்துவிடுவது நல்லது. கிட் 2.35 முதல் இசட்டிஃப்3 என்று ஒன்றும் உண்டு. இரு பக்கமும் ஒன்றாக இருக்கும் முதல், கடைசி வரிகளை மோதலுக்கு வெளியே தள்ளிவிடும்.

இரண்டாவது நிலை, கமிட் ஆகிவிட்டது, ஆனால் மற்றவர்களும் எடுக்கும் பொது இடத்துக்கு இன்னும் தள்ளவில்லை (புஷ்). இணைப்புக் கமிட்டுக்கு இரண்டு பெற்றோர் உண்டு: ஹெட் என்பது இப்போதைய கமிட், ஹெட்^1 அதன் நம் பக்கத்துப் பெற்றோர், ஹெட்^2 எதிர்க்கிளைப் பெற்றோர். அவற்றிலிருந்து மூன்று பிரதிகளையும் நாமே எடுத்துக்கொள்ளலாம்:

கிட் மெர்ஜ்-பேஸ் ஹெட்^1 ஹெட்^2
கிட் ஷோ ஹெட்^1:வரி.சிஎஸ்வி > நமது
கிட் ஷோ ஹெட்^2:வரி.சிஎஸ்வி > அவர்களது

முதல் கட்டளை தரும் நீண்ட அடையாள எண்ணை ஹெட்^1 இருக்கும் இடத்தில் போட்டு, அதே முறையில் 'பொது' என்ற மூன்றாவது பிரதியையும் எடுங்கள். பிறகு:

கிட் மெர்ஜ்-ஃபைல் --டிஃப்3 நமது பொது அவர்களது

வரிசை மாறக் கூடாது; பொதுப் பிரதி நடுவில்தான் வர வேண்டும். விடை 'நமது' கோப்பின் மேலேயே எழுதப்படும். மோதலைத் தீர்த்து, அதை வரி.சிஎஸ்வி மீது நகலெடுத்து, 'ஆட்' கொடுத்து, 'கமிட் --அமெண்ட்' செய்யுங்கள். இரண்டு பெற்றோரும் அப்படியே இருப்பார்கள். மற்ற கோப்புகளில் ஒரு எழுத்துகூட மாறாது.

விண்டோஸில் இதைப் பவர்ஷெல்லில் செய்யாதீர்கள். அதன் 5.1 பதிப்பில் '>' குறி கோப்பை யுடிஎஃப்-16 ஆக எழுதும். தமிழ் எழுத்துகள் சிதைந்து போகும். கிட்டோடு வரும் கட்டளைச் சாளரமான கிட் பாஷ் திறந்துகொள்ளுங்கள். கோப்பின் பெயரே தமிழில் இருந்தால் கிட் அதை \340\256\265 என்று எண்களாகக் காட்டிப் பயமுறுத்தும். இது 'வ' என்ற எழுத்து, வேறொன்றுமில்லை. 'கோர்.க்வோட்பாத்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் பெயர் ஒழுங்காகத் தெரியும்.

முடித்ததும் சரிபார்க்க நான் நம்புவது இரண்டு வேறுபாடுகளை:

கிட் டிஃப் ஹெட்^1 -- வரி.சிஎஸ்வி
கிட் டிஃப் ஹெட்^2 -- வரி.சிஎஸ்வி

முதலாவதில் வரி விகித மாற்றம் மட்டும் தெரிய வேண்டும். இரண்டாவதில் எச்எஸ்என் குறியீடு மட்டும். முதலாவது வெறுமையாக வந்தால் எதிர்க்கிளையின் வேலை முழுவதும் காணாமல் போயிருக்கிறது என்று பொருள். தம்பியின் கமிட்டில் வெறுமையாகத்தான் வந்தது.

மோதலுக்கு முன்பு கொடுத்த தீர்வைப் பதிந்துவைக்கும் ரெரெரே வசதியை இயக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய தவறான தீர்வை அது நினைவில் வைத்துக்கொண்டு, அதே மோதல் அடுத்த முறை வரும்போது கேட்காமலே போட்டுவிடும். அப்படிப் போட்டால் 'கிட் ரெரெரே ஃபர்கெட் வரி.சிஎஸ்வி' கொடுத்துவிட்டு, மேலே சொன்ன செக்கவுட் கட்டளையால் மோதலை வரவழைத்துத் திருத்துங்கள். ரீபேஸ் (உங்கள் கமிட்களை இன்னொரு கிளையின் மேல் மறுபடி அடுக்குவது) செய்யும்போது ஔவர்ஸ், தெயர்ஸ் இரண்டும் இடம் மாறியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்: அங்கே உங்கள் கமிட்தான் தெயர்ஸ்.

மூன்றாவது நிலை, எல்லோரும் இழுக்கும் கிளைக்குத் தள்ளியாகிவிட்டது. இங்கே அமெண்ட் கூடாது. இரண்டாவது நிலையில் சொன்ன அதே முறையில் கோப்பைத் தயாரித்து, சாதாரணப் புதிய கமிட்டாகப் போடுங்கள். எந்த இணைப்பைத் திருத்துகிறது என்பதைச் செய்தியில் எழுதிவிடுங்கள். 'ரிவர்ட் -எம் 1' கொடுத்து முழு இணைப்பையும் திருப்பிவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அது உள்ளடக்கத்தைத் திருப்பும், ஆனால் வரலாற்றில் அந்தக் கிளை சேர்ந்ததாகவே பதிவு இருக்கும். பிறகு 'புதியவரி' கிளையை மறுபடி இணைத்தால், ஏற்கனவே எல்லாம் சேர்ந்துவிட்டது என்று கிட் கைவிரித்துவிடும். அந்த ரிவர்ட்டையே இன்னொரு ரிவர்ட்டால் திருப்பினால்தான் விகிதங்கள் திரும்ப வரும்.