சந்தை ஆட்டுக்கு அன்றைக்கே ஊசி போடாதீர்கள்

காங்கயம், தாராபுரம் பக்கம் இளைஞர்கள் பலர் ஆட்டுப் பண்ணை தொடங்குகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட தவறுகளை அவர்களும் அப்படியே செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வாங்கிய அன்றே ஊசி, அன்றிரவே பட்டி

பட்டியைக் காலியாக்கும் தவறு இது. இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கன்னிவாடிச் சந்தையில் வாங்கிய ஆடுகளுக்கு மாலையே ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர்.) என்னும் தொற்றுநோய்க்கான தடுப்பூசி போட்டு, இரவு பழைய ஆடுகளோடு அடைத்தார் ஒரு தம்பி. ஐந்தாம் நாள் காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல். "ஊசிதானுங்க அண்ணா கெடுத்துவிட்டது" என்றார். ஊசி கெடுக்கவில்லை. அந்தக் கிருமி உள்ளே போனால் நான்கு முதல் ஆறு நாளில் நோய் தெரியும்; ஊசியின் பலன் முழுதாய்க் கிடைக்க இரண்டு வாரமாவது வேண்டும். சந்தையிலேயே தொற்றிய ஆட்டை அது எப்படிக் காக்கும்? எல்லா ஆட்டுக்கும் ஒரே ஊசிமுனை என்றால், நோயை நாமே கைமாற்றிவிடுகிறோம்.

இந்நோய் இந்தியாவில் முதலில் அறியப்பட்டது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே எடுத்த கிருமியிலிருந்தே ஒரு தடுப்பூசியும் உருவானது. நலமான ஆட்டுக்குப் போட்டால் மூன்றாண்டு காக்கும் மருந்தைப் பழிப்பது அநியாயம். புதிய ஆடுகளை மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள். தண்ணீர்த்தொட்டியும் தனியாக இருக்கட்டும். கால்நடை மருத்துவர் பார்த்த பிறகு ஊசி போடலாம்.

காசநோய்க்கும் ஊசி கேட்பது

இருமும் ஆட்டை மலிவாக வாங்கிவந்து, "காசநோய்க்கு ஊசி போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்கள். நம் பண்ணைகளில் அதற்குப் போடும் தடுப்பூசி இல்லை. குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி.யை வெளிநாடுகளில் ஆடுகளிடம் சோதித்திருக்கிறார்கள். ஆனால் அது மாட்டுக் காசநோய்க் கிருமியை வலுவிழக்கச் செய்து உருவாக்கியது. அதைப் போட்ட ஆடு டியூபர்குலின் சோதனையில் (காசநோயைக் கண்டறியத் தோலில் ஊசி போட்டுப் பார்ப்பது) நோயாளி போலவே தோல் தடித்து நிற்கக்கூடும். பிறகு எது நோயாடு, எது நல்லாடு என்று பிரிப்பது பெரும்பாடு. மூன்று வாரத் தனிக்கட்டும் இந்நோய்க்குப் போதாது. மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். மருத்துவரிடம் சொல்லிச் சோதனை செய்யுங்கள், 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளப்பார். நோய் உறுதியான ஆட்டைப் பட்டியில் வைக்காதீர்கள். மறுபடி சந்தைக்கு ஓட்டி இன்னொருவர் தலையில் கட்டவும் கூடாது.

காய்ச்சாத ஆட்டுப்பால்

குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

கரைத்த மருந்தை மறுநாளுக்கு வைத்தல்

கொட்டிவிடுங்கள்.

துள்ளுமாரிக்கு ஒரு ஊசியோடு நிறுத்துவது

குடலில் நஞ்சு பெருகி ஆட்டைத் திடீரெனச் சாய்க்கும் நோய் இது. முதல்முறை போடுகிறவர்கள் சில வாரம் கழித்து இரண்டாவதையும் போடுங்கள். மழைக்கு முன்பே.