பழைய ஆர்எக்ஸின் கார்புரேட்டரைத் திருகும் முன்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்றைத் தள்ளிக்கொண்டே வந்தான். முன்னால் வைத்திருந்தவர் அதை மண் பந்தயத்துக்கென்று மாற்றியிருக்கிறார். பட்டன் டயர், தூக்கிக் கட்டிய சைலன்சர், பின் மட்கார்டு கிடையாது. ஸ்டாண்டு போட்டதும் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். உள்ளே ஏழு மெயின் ஜெட், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகுகள்.

"எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டேண்ணா. ஸ்லோ இறங்கவே மாட்டேங்குது."

ஸ்லோ என்றால் திராட்டிலை விட்டதும் என்ஜின் ஓட வேண்டிய குறைந்த வேகம். கோபம் அவன் மேல் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு கவரோடு அலைந்த ஆள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டாதே, பிளக்கைத் துடைத்துப் போடு, பெட்ரோல் இருக்கிறதா பார் என்பதெல்லாம் இதில் வராது. அவை உங்களுக்கே தெரியும்.

எல்லாப் பழியையும் கார்புரேட்டர் மேல் போடுவது

ஆர்எக்ஸ் போன்ற டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நேராக பிஸ்டன் தலைக்கு மேல் போவதில்லை. பிஸ்டன் மேலே ஏறும்போது அடியில் உள்ள கிராங்க் கேஸ் உறிஞ்சுகிறது. கலவை ரீட் வால்வு (உள்ளே மட்டும் விடும் கதவு) வழியாக அங்கே வருகிறது. பிஸ்டன் இறங்கும்போது அழுத்தி மேலே அனுப்புகிறது. அதாவது கிராங்க் கேஸ் ஒரு பம்ப். சைக்கிள் பம்பில் வாஷர் போனால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும்.

அந்தப் பம்பில் ஓட்டை விழக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான். கிராங்க்கின் இரண்டு முனையிலும் உள்ள ஆயில் சீல்கள், கார்பு உட்காரும் ஜாயின்ட் ரப்பர், பிளாக்குக்கு (சிலிண்டருக்கு) அடியில் உள்ள பேக்கிங், சில வண்டிகளில் இன்னொரு இடம் (கீழே சொல்கிறேன்). ஆர்எக்ஸ் 100 வந்தது 1985ல், உற்பத்தி நின்றது 1996ல். இன்று நீங்கள் வாங்கும் எந்த வண்டியாக இருந்தாலும், மாற்றப்படாத ரப்பர் ஒன்று உள்ளே இருந்தால் அதற்கு வயது குறைந்தது முப்பதை நெருங்கியிருக்கும். பல வருடம் கொட்டகையில் கிடந்த வண்டி என்றால் சீலின் உதடு பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருக்கும். போதாததற்கு இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பருக்கு ஆகாது.

இடது பக்கம், அதாவது மேக்னெட் (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்கத்து சீல் போனால் வெறும் காற்று உள்ளே போகும். கலவை லீனாகும், அதாவது காற்று கூடி பெட்ரோல் குறையும். ஸ்லோ ஸ்க்ரூவை முழுதாகத் தளர்த்தினாலும் என்ஜின் கத்திக்கொண்டே இருக்கும். திராட்டிலை மூடினால் சத்தம் உடனே இறங்காது. யோசித்து யோசித்து இறங்கும். பிளக்கைக் கழற்றினால் வெள்ளையாக இருக்கும். வலது பக்கம், கிளட்ச் பக்கத்து சீல் போனால் கதை வேறு. அது கியர் ஆயிலை உறிஞ்சும். புகை மண்டும், பிளக் நனையும், கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும், ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு இருக்காது.

என் வண்டியில் போனது இடது பக்கம். எனக்கு அது தெரியாது. ஸ்லோ இறங்கவில்லை, பிளக் வெள்ளை, ஆகவே லீன், ஆகவே பெரிய ஜெட் போடு. கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு எண்ணாக ஏற்றினேன். நீடிலின் (நடுத் திராட்டிலில் பெட்ரோலை அளக்கும் ஊசி) கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கி நீடிலை உயர்த்தினேன். முழுத் திராட்டிலில் வண்டி திணறத் தொடங்கியது, ஸ்லோ மட்டும் அப்படியே இருந்தது. இந்த இடத்திலாவது உறைத்திருக்க வேண்டும்: ஸ்லோவில் மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை. திணறுகிறதே என்று திரும்பவும் சின்ன ஜெட்டுக்கு மாறினேன். அதுதான் புத்திசாலித்தனத்தின் உச்சம்.

கோவையிலிருந்து வாளையார் போகும் வழியில், நாலாவது கியரில், பின் சக்கரம் பூட்டுப் போட்டது போல நின்றது. கை தானாகக் கிளட்ச்சைப் பிடித்ததால் விழவில்லை. என்ஜின் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிட்டது. பிளாக்கைக் கழற்றியபோது பிஸ்டனின் ஓரங்களில் கீற்றுக் கீற்றாக உரசல். லேத்தில் கொடுத்து, சிலிண்டர் துளையைக் கால் எம்எம் பெரிதாகக் கடைந்து (போர் அடித்து), 50 எம்எம் பிஸ்டனுக்குப் பதில் 50.25 போட்டேன்.

இதுவரை நடந்ததைக்கூட மன்னிக்கலாம். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருவது அடுத்ததுதான். சீஸ் ஆனது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, பிஸ்டன் போட்டுக் கொடுத்த பட்டறையிலும் கேட்கவில்லை. "ஆயில் கொஞ்சம் கூட ஊத்துங்க" என்று அனுப்பிவிட்டார்கள். முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, புதுப் பிஸ்டனும் அதே மாதிரி பிடித்தது. அடுத்தது 50.50. அந்த பிளாக்கில் இனி ஏறக்கூடிய அளவுகள் இரண்டுதான், அப்புறம் புது ஸ்லீவ் (சிலிண்டரின் உள் உறை) போட வேண்டியதுதான். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவில் வரும் சீலுக்காக இரண்டு பிஸ்டன், இரண்டு போர், ஒரு சீசன்.

இரண்டாவது முறை போனது ஒரு பெரியவரிடம். அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. வீட்டுக்குள் போய் பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்து வந்தார், மனிதனுக்குப் பார்க்கிற பிரஷர்தான். கையில் சுற்றும் துணிப்பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, ரப்பர் குமிழையும் மீட்டரையும் மட்டும் வைத்துக்கொண்டார். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, சைலன்சர் மாட்டும் இடத்தில் அடைத்து நட்டை முடுக்கினார். கார்பு உட்காரும் வாயில் ஒரு ரப்பர் தக்கை. அதன் நடுத் துளையில் குமிழின் குழாய். குமிழை அழுத்த அழுத்த முள் 300க்கு ஏறியது. 300 என்றால் ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்றக் கூடாது, நல்ல சீலும் வெளியே பிதுங்கிவிடும்.

முள் நிற்கவில்லை. அரை நிமிடத்தில் 200. மேக்னெட்டைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு இழுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தொட்டு வைத்தார். கிராங்க்கைச் சுற்றி அரை வட்டத்துக்குப் பொடிப்பொடியாக நுரை கட்டியது. ஒரு நிமிடத்தில் 50க்கு மேல் இறங்கினால் கசிவைத் தேடு என்றார். நான் இன்றும் அந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறேன். தக்கையைக் கார்பு உட்காரும் வாயிலேயே வைக்க வேண்டும். மேனிஃபோல்டை (ஜாயின்ட் ரப்பர் உள்ள அந்தக் குழாயை) கழற்றிவிட்டு அடைத்தால், அதன் ரப்பரில் உள்ள வெடிப்பு சோதனைக்கே வராது. சில சீல்கள் வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்கும், உள்ளே உறிஞ்சும்போது விட்டுக்கொடுக்கும். முள் நின்றும் ஸ்லோ அடங்காவிட்டால் சீல்களை மாற்றிவிடுவதே மலிவு.

கார்பு கிளீனரை ஜாயின்டில் பீய்ச்சி, ஸ்லோ மாறுகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. வேலை செய்யும். சூடான சைலன்சர் மேல் பட்டால் தீப்பிடிக்கும். தூக்கிக் கட்டிய சைலன்சர் உள்ள வண்டியில் நான் அதைச் செய்வதில்லை.

ஜெட்டைக் கம்பியால் குத்துவது

வேண்டாம். துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டின் மேலிருக்கும் எண் பொய்.

எங்கே திணறுகிறது என்று பார்க்காமல் ஜெட் மாற்றுவது

காற்றுக் கசிவு இல்லை என்று உறுதியான பிறகு மட்டும் இதற்கு வாருங்கள். திராட்டில் பிடியில் ஒரு வெள்ளை டேப், ஸ்விட்ச் பெட்டியில் ஒரு கோடு. கால், அரை, முக்கால் என்று குறித்துக்கொள்ளுங்கள். கால் திராட்டில் வரை கலவையைத் தீர்மானிப்பவை பைலட் ஜெட் (ஸ்லோவுக்கான சின்ன ஜெட்), ஏர் ஸ்க்ரூ, திராட்டில் ஸ்லைடின் அடியில் உள்ள வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை நீடில். அதற்கு மேல்தான் மெயின் ஜெட். மண்ணில் ஓட்டுகிறவர் பெரும்பாலான நேரம் இருப்பது நீடிலில்தான், ஆனால் எல்லோரும் வாங்குவது மெயின் ஜெட்.

ஏர் ஸ்க்ரூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கார்பில் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, பெட்ரோலை அல்ல. உள்ளே திருகினால் காற்று குறைந்து ரிச் ஆகும், வெளியே எடுத்தால் லீன். ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து ஆரம்பியுங்கள். மூன்று சுற்று போயும் சரியாகவில்லை என்றால் பைலட் ஜெட் தவறு.

ஆயில் பம்ப் இருக்கிறதா என்று கேட்காமல் வாங்குவது

பந்தயம் ஓட்டியவர்கள் பலர் 2டி ஆயிலைத் தானாகக் கலக்கும் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டுவார்கள். லிட்டருக்கு 25 மில்லி என்றால் நாற்பதுக்கு ஒன்று. விற்கும்போது இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். வாங்கியவர் ஆயில் டேங்க் நிறைந்திருப்பதைப் பார்த்து நிம்மதியாக பங்கில் வெறும் பெட்ரோல் போடுவார். வீடு போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம்.

காற்றுக் கசியும் இடங்களில் முன்பு சொன்ன அந்த இன்னொரு இடமும் இதுதான். பம்பைக் கழற்றியவர், ஆயில் குழாய் வந்து சேரும் சின்ன மூக்கை அடைக்க மறந்திருப்பார். அது நாள் முழுக்கக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.

பத்து நிமிடம் ஓடி நிற்கும் வண்டிக்குக் கார்பைப் பிரிப்பது

டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால், மூடியின் காற்றுத் துளை மண் அடைத்திருக்கிறது. ஊசி போதும். இங்கே மட்டும் குத்தலாம்.

மேக்னெட்டைச் சுத்தியலால் தட்டுவது

புல்லர் வாங்குங்கள்.

பையனின் வண்டிக்கு வருவோம். நான் சீல்தான் என்று பந்தயமே கட்டியிருப்பேன். 300 ஏற்றினோம், இறங்கியது. சோப்புத் தண்ணீரை மேக்னெட் பக்கம் பூசினேன், ஒன்றும் இல்லை. கிட்டத்தட்டக் கைவிட்ட பிறகு பிரஷ்ஷை ஜாயின்ட் ரப்பரின் அடிப்பக்கம் விட்டதும் புஸ்ஸென்று நுரை. மேலிருந்து பார்த்தால் புது ரப்பர் மாதிரி இருந்தது. விரலால் மடக்கிப் பார்த்தபோது, கார்பின் எடை தொங்கும் இடத்தில் நகம் நுழையும் அளவு வெடிப்பு.

ரப்பரை மாற்றி, பழைய ஜெட்டையே திரும்பப் போட்டோம். மூன்றாவது உதையில் எடுத்தது. திராட்டிலை விட்டதும் சொன்னபடி இறங்கி 'டம் டம்' என்று நின்று பேசியது.

கிளம்பும்போது, ஏழு ஜெட்டையும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேட்டான். எடுக்க மாட்டார். என்னிடம் இன்னும் பதினொன்று இருக்கிறது.