பால்குடிப் பிள்ளை முதல் பாலர் பள்ளி வரை: தோட்டக் குடும்பத்துக்கு உதவி வாங்கித் தருவது எப்படி?

கோயில் இளைஞர் பிரிவிலோ பள்ளிப் பெற்றோர் சங்கத்திலோ இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளைகள், சம்பளம் பத்தவில்லை என்பது தெரிகிறது. கூட நின்று உதவலாம் என்று மனசு சொல்கிறது, ஆனால் எந்த இலாகாவின் கதவை முதலில் தட்டுவது என்று புரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இது. நான் எழுதுவது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவிலிருந்து. பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நீங்கள் தீபகற்பத்தில் வேறு தோட்டப்புற ஊரில் இருந்தால் மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முன்பு தோட்டத்துக்குள்ளேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை இருந்தது, மருந்து கொடுக்கும் டிரெசர் இருந்தார், தமிழ்ப்பள்ளி இருந்தது. எல்லாம் நடந்துபோகும் தூரம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, சனங்கள் டவுன் பக்கம் குடிவந்தார்கள். அந்தச் சேவைகள் இப்போதும் வேறு பெயர்களில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கவுண்டரில் கிடக்கிறது: கிளினிக் ஒரு பக்கம், பதிவு இலாகாவும் சமூகநல இலாகாவும் கோலசிலாங்கூரில். ஒரு கவுண்டருக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால்தான் எந்த வேலையை முதலில் செய்வது என்பதிலேயே பாதி காரியம் அடங்கியிருக்கிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

படி 1: விண்ணப்பப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்

ஒரு குடும்பத்துக்கு ஒரே ஆள் பொறுப்பு. குழுவாகப் போய் வாசலில் நின்றால் அந்த அக்கா கூச்சப்பட்டு "எங்களுக்கு ஒண்ணும் வேணாம் தம்பி" என்று அனுப்பிவிடுவார். காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) போகிறவர்கள் வீட்டுக்குச் சாயங்காலம் போங்கள், ஷிப்ட் வேலைக்காரர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால் பாட்டியிடமும் பேசுங்கள். பிள்ளை என்ன சாப்பிடுகிறது, எந்த ஊசி விட்டுப்போனது என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதல் நாள் நான்கு விஷயம் தெரிந்தால் போதும். பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது? எல்லாருக்கும் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா? அம்மா அப்பா இருவருக்கும் குடிமக்களுக்கான நீல ஐசியா (அடையாள அட்டை)? திருமணம் பதிவானதா? கடைசிக் கேள்வியை நேரடியாகக் கேட்டால் முகம் சுருங்கும். "கல்யாணத்தை எங்கே பதிஞ்சீங்க, கோயில்லயா, இலாகாவுலயா?" என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

படி 2: ஒரு பைல்

பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் பிளாஸ்டிக் பைல் ஒன்று வாங்குங்கள். பெற்றோர் ஐசி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணச் சான்றிதழ், சம்பளச் சிட்டை, மின்சாரம் அல்லது தண்ணீர் பில், அம்மா பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம், பிள்ளையின் கிளினிக் புத்தகம். எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்து உள்ளே வையுங்கள். அசல் எப்போதும் வீட்டுக்காரர் கையில்தான் இருக்க வேண்டும். உதவி செய்ய வந்தவர் ஐசியை வாங்கி வைத்துக்கொள்வது எந்த நிலையிலும் கூடாது, நல்ல மனசோடு செய்தாலும் கூடாது.

சம்பளச் சிட்டை இல்லாத கூலி வேலை என்றால், வருமானத்தை எப்படி உறுதிசெய்வது என்று முதலில் கவுண்டரில் கேளுங்கள். உள்ளூர் நிர்வாகத் தலைவரான பெங்குலுவிடமோ, சிலாங்கூரில் மாநில அரசு நியமித்த இந்திய சமூகத் தலைவரிடமோ உறுதிக் கடிதம் கேட்பது வழக்கம்.

படி 3: பிறப்புப் பத்திரம்

மற்ற எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். அது தாண்டினால் தாமதப் பதிவு. கேள்விகளும் சாட்சிகளும் கூடும், ஆனால் முடியாத காரியம் இல்லை. "நாள் போச்சு, இனிமே கிடைக்காது" என்று யாரோ சொன்னதை நம்பி ஐந்து வயது வரை விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. போகப் போகச் சிக்கல்தான் கூடும், உடனே அழைத்துப் போங்கள்.

அடுத்தது திருமணப் பதிவு. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவு வேண்டும். தோட்டத்தில் கோயிலில் கல்யாணம் முடித்து, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு, பதிவை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டவர்கள் ஏராளம். அதன் பாரம் பிள்ளை தலையில் விழுகிறது. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பின்பற்றும் என்பது கூட்டரசு அரசியலமைப்பின் ஏற்பாடு. தாய் குடிமகளாக இருந்தால் பிள்ளை குடியுரிமைக்குப் பாதிப்பில்லை. தாய் வெளிநாட்டவராக இருந்தால், அப்பா இந்த மண்ணில் மூன்று தலைமுறையாக இருந்தாலும், பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. பிறப்புப் பத்திரத்திலேயே 'குடிமகன் அல்ல' என்று இருக்கும்.

எனவே பத்திரத்தைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் குடியுரிமை நிலை எழுதியிருக்கும் வரி. அங்கே சிக்கல் இருந்தால் நீங்களாகப் பாரம் நிரப்ப முயலாதீர்கள். அரசியலமைப்பின் 15A பிரிவின் கீழ் விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது, ஆனால் நீண்ட வழி. நாடற்ற இந்தியர்களின் ஆவணப் பிரச்சினையில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா அமைப்பிடம் வழக்கை ஒப்படைப்பது நல்லது.

திருமணம் பதியாத தம்பதி பிள்ளையைப் பதியும்போது, அப்பா பெயர் வேண்டுமென்றால் இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா மட்டும் போனால் அப்பா பெயர் இடம் காலியாகவே வரும். இரண்டு பேரும் லீவு எடுத்து ஒரே நாளில் போகட்டும்.

படி 4: கிளினிக்

உதவிப் பணத்துக்கு ஓடுவதற்கு முன்னால் கிளினிக். காரணம் எளிது: பணம் வர மாதங்கள் ஆகும், தடுப்பூசி நாளைக்கே கிடைக்கும்.

அரசாங்க கிளினிக்கில் தாய் சேய் பிரிவு இருக்கிறது. பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து ஊசிப் பக்கத்தைப் பாருங்கள். பிறந்ததும் பிசிஜியும் ஹெபடைடிஸ் பியும், பிறகு 2, 3, 5 மாதங்களில் ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி, 4, 6, 15 மாதங்களில் நிமோகாக்கல், 9, 12 மாதங்களில் தட்டம்மை கூட்டு ஊசி, 18-ஆவது மாதத்தில் கூட்டு ஊசியின் மறுதவணை. குடிமக்களின் பிள்ளைகளுக்கு இவை இலவசம். ஒரு கட்டம் காலியாக இருந்தால் திட்டுவார்களோ என்று பயந்து சில அம்மாக்கள் போவதையே நிறுத்திவிடுவார்கள். கூடப் போய் நில்லுங்கள், அவ்வளவுதான் தேவை.

அதே புத்தகத்தில் எடைக் கோடு வரைந்திருக்கும். கோடு கீழே இறங்கியிருந்தால் நர்ஸிடம் 'பக்குல் மக்கானான்' பற்றிக் கேளுங்கள். சுகாதார அமைச்சு 1989 முதல் நடத்தும் ஊட்டச்சத்துக் குறைவு மறுவாழ்வுத் திட்டம் அது. ஏழைக் குடும்பத்தில் 6 மாதம் முதல் 6 வயது வரை எடை குறைந்த பிள்ளை இருந்தால், அரிசி, பால்மாவு போன்ற பொருட்கள் மாதாமாதம் கிடைக்கும், எடையும் தொடர்ந்து பார்க்கப்படும். தீபாவளிக்கு நாம் கொடுக்கும் ஹேம்பரைவிட இது நூறு மடங்கு உருப்படியானது என்பது என் கருத்து.

பிள்ளை நேரத்துக்குப் பேசவில்லை, நடக்கவில்லை என்றால் அதையும் அன்றே சொல்லுங்கள். மருத்துவர் உறுதிசெய்தால் சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கார்டு எடுக்கலாம். அதே இலாகா 1984 முதல் நடத்தும் பிடிகே என்னும் சமூக மறுவாழ்வு மையங்களில் பயிற்சியும் கிடைக்கும்.

படி 5: பணம்

இங்கே மூன்று தனித்தனிக் கதவுகள். பலரும் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் கதவு இ-காசே. இது உதவித் தொகை அல்ல, வறிய குடும்பங்களின் தேசியப் பட்டியல். மாவட்ட அலுவலகத்திலோ இணையத்திலோ பதியலாம். பெயர் ஏறியதும் பணம் வராது. ஆனால் வேறு பல உதவிகளுக்கு ஆள் எடுக்கும்போது இந்தப் பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள், அதனால் முதலில் இதை முடியுங்கள்.

இரண்டாவது சமூகநல இலாகாவின் பிள்ளைகள் உதவித் தொகை. இதுதான் நம் குடும்பங்களுக்கு மிகவும் முக்கியமானது, மிகவும் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான். 2021 வரவு செலவுத் திட்டத்தில் 6 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கு மாதம் 200 ரிங்கிட், 7 முதல் 18 வயதுவரை 150 ரிங்கிட், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 1000 ரிங்கிட் என்று வைத்தார்கள். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் தொகை மாறும், விண்ணப்பிக்கும்போது கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைக்குக் கூடுதல் தொகை என்பதைக் கவனியுங்கள். ஏழு வயது ஆனபிறகு போனால் அந்தக் கூடுதல் கிடைக்காது. கோலசிலாங்கூர் அலுவலகத்திலோ இ-பந்துவான் இணையத்தளத்திலோ விண்ணப்பிக்கலாம். பிறகு அதிகாரி வீட்டுக்கு விசாரணைக்கு வருவார். டிவி இருக்கிறதே, மோட்டார் இருக்கிறதே என்று ஒளித்துவைக்கச் சொல்லாதீர்கள். உள்ளதை உள்ளபடி காட்டட்டும்.

மூன்றாவது எஸ்டிஆர் என்னும் ரஹ்மா ரொக்க உதவி. வருமான வரி வாரியம் நடத்துவது, குடும்ப வருமானம் 5000 ரிங்கிட்டுக்குள் இருக்க வேண்டும். இதை ஏற்கெனவே வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "புதுசா பிறந்த பிள்ளை பேரைச் சேர்த்தாச்சா?" பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துத் தொகை மாறும். இதோடு வரும் சாரா உதவி மைகார்டு வழியாகவே கழியும், பதிவுபெற்ற கடையில் சாமான் வாங்கலாம்.

சிலாங்கூரில் இருப்பவர்கள் மாதம் 300 ரிங்கிட் வரும் மாநில அரசின் பிங்காஸ் திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். அப்பா இறந்துவிட்ட வீடு என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ. அவர் சந்தா கட்டிய தொழிலாளியாக இருந்து தகுதி இருந்தால், மனைவிக்கும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பென்ஷன் உண்டு. அது தர்மம் இல்லை, அவர் சம்பளத்தில் பிடித்த காசு.

படி 6: பகலில் பிள்ளை எங்கே?

4 வயதுக்குக் கீழ் என்றால் தஸ்கா என்னும் குழந்தைப் பராமரிப்பு மையம், 4 முதல் 6 வரை பாலர் பள்ளி. அரசாங்கத்தின் சமூக மேம்பாட்டு இலாகாவான கெமாஸ் இரண்டும் நடத்துகிறது. பல தமிழ்ப்பள்ளிகளில் அரசாங்கப் பாலர் வகுப்பு உண்டு, அங்கே உணவும் தருகிறார்கள். இடம் குறைவு, பதிவு முந்தைய ஆண்டே நடக்கும், எனவே தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது, பழைய மார்ச் கணக்கில் இருந்துவிடாதீர்கள். தனியார் பாலர் பள்ளி என்றால் கட்டணத்துக்கு அரசாங்கத்தின் இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவின் உதவித் திட்டம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முதலாம் ஆண்டுக்குப் போன அண்ணன் அக்காவுக்குப் பள்ளியில் ஆர்எம்டி என்னும் கூடுதல் உணவுத் திட்டச் சாப்பாடு கிடைக்கிறதா என்பதையும் கையோடு விசாரித்துவிடுங்கள். 1979-இல் தொடங்கிய திட்டம் அது.

படி 7: கோயில் மண்டபத்தில் என்ன செய்யலாம்?

ஆர்வத்தில் சிலர் உடனே "நாமே ஒரு ஆயாக்கொட்டகை போட்டால் என்ன?" என்பார்கள். போடலாம், ஆனால் சட்டம் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளிலிருந்து 4 வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ காசு வாங்கிப் பார்த்துக்கொண்டால், 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். தீயணைப்பு, சுகாதாரம் எல்லாம் வந்து பார்ப்பார்கள்.

தொடக்கத்துக்கு எளிதானது வேறு. வாரத்தில் ஒரு நாள், அம்மாவோ பாட்டியோ கூடவே உட்கார்ந்திருக்க, இரண்டு மணி நேரம் விளையாட்டு, தமிழ்ப் பாட்டு, படப் புத்தகம், சத்தான பலகாரம். யாரும் பிள்ளையை விட்டுவிட்டுப் போவதில்லை, கட்டணமும் இல்லை. கச்சான், கொண்டைக்கடலைச் சுண்டல், முட்டை போதும், பிஸ்கட்டும் சிரப் தண்ணியும் வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளதற்கு முழுக் கடலையைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும், மசித்துக் கொடுங்கள். யுனிசெல் பல்கலைக்கழக வளாகம் இங்கேயே இருக்கிறது, கதை சொல்ல மாணவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அம்மாக்கள் தங்களுக்குள் எந்தக் கவுண்டரில் என்ன கேட்டார்கள் என்று பேசிக்கொள்வார்கள். நம் விளக்கத்தைவிட அதற்கு வேகம் அதிகம்.

படி 8: விண்ணப்பித்த பிறகு

பாரம் கொடுத்த தேதி, வாங்கியவர் பெயர், விண்ணப்ப எண் மூன்றையும் பைலின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சில வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ஒரு நகல் குறைவு, பழைய முகவரி, பெயர் எழுத்து வேறுபாடு என்று சரிசெய்யக் கூடியதாகத்தான் இருக்கும்.

வீட்டில் அடி, பிள்ளையைக் கவனிக்காமல் விடுவது போன்றவை கண்ணில் பட்டால் பைல் வேலையை ஒதுக்கிவைத்து, 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள்.

அப்புறம், உதவி கிடைத்த குடும்பத்தை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடாதீர்கள். கணக்குக் காட்ட வேண்டுமானால் எத்தனை குடும்பம், எந்த இலாகா, எந்த மாதம் என்று கூட்டக் குறிப்பில் எழுதினால் போதும்.