அந்தாதியில் தொடங்குங்கள்: இம்ப்ராவ் நகைச்சுவைக் குழுவாக மேடையேறும் முறை

எழுதிவைத்த வசனம் இல்லாமல், பார்வையாளர் தரும் ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சிரிக்கவைக்கும் இம்ப்ராவ் குழு ஒன்றில் 3 ஆண்டுகளாக நடித்துவருகிறேன். முதல் 7 மாதங்கள் மேடை எனக்குப் பெரும் சுமையாக இருந்தது. எட்டாவது மாதம் ஒரு சிறு பயிற்சி அதை என் வாழ்வின் மிகப் பெரிய மகிழ்ச்சியாக மாற்றிவிட்டது. அந்தப் பயிற்சியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றப் படிகளையும் வரிசையாகத் தருகிறேன்.

படி 1: ஆள் சேர்ப்பது

5 அல்லது 6 பேர் போதும். 8 பேரைத் தாண்டினால் யாராவது இருவர் சுவரோடு சுவராக நின்றுவிடுவார்கள். அதிகம் சிரிக்கவைப்பவரைத் தேடாதீர்கள். நீங்கள் பேசும்போது உங்கள் முகத்தைப் பார்த்து முழுவதும் கேட்பவர் யாரோ, அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: வேண்டிய பொருட்கள்

கைப்பிடி இல்லாத 2 நாற்காலிகள். சேர்த்துப் போட்டால் படுக்கை, கவிழ்த்தால் படகு. கைப்பிடி வைத்தது எப்படிப் போட்டாலும் நாற்காலியாகவே இருக்கும். அடுத்து, மணியடிக்கும் சிறிய டைமர் ஒன்று. கைப்பேசியில் நேரம் பார்க்க வேண்டாம். நடுவில் ஒரு செய்தி வந்து விழுந்தால் காட்சி அங்கேயே உயிரை விட்டுவிடும்.

தொப்பி, பொய்த்தாடி, வேடத்துணி எதையும் நான் ஏற்பதில்லை. கையில் உண்மையான குடை இருந்தால் அது குடை மட்டுமே. வெறுங்கை குடையாகும், வாளாகும், துள்ளும் மீனாகும். இல்லாத கோப்பையை எங்கே வைத்தீர்களோ அங்கிருந்தேதான் மறுபடி எடுக்க வேண்டும். அந்த இடத்தில் மேசை இருக்கிறது என்று பார்வையாளர் நம்பிவிட்டார். நீங்கள் அதன் ஊடே நடந்துபோனால் அவருடைய நம்பிக்கை உடைந்துவிடும்.

படி 3: 20 வரை எண்ணுவது

வட்டமாக நின்று கண்களை மூடிக்கொள்ளுங்கள். 1 முதல் 20 வரை குழுவாக எண்ண வேண்டும். யார் எப்போது சொல்வது என்று முன்கூட்டிப் பேசிவைக்கக் கூடாது. ஒரே நேரத்தில் இருவர் வாய் திறந்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். முதல் நாள் எங்களால் 7-ஐத் தாண்ட முடியவில்லை. பல வாரங்கள் கழித்து 20-ஐத் தொட்ட அன்று, ஆறு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தோம்.

இது சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள். இந்தக் கலையே விளையாட்டிலிருந்து பிறந்ததுதான். வயோலா ஸ்போலின் என்பவர் 1930-களின் இறுதியில் சிகாகோவில் குழந்தைகளுக்கு நாடகம் கற்றுக்கொடுக்க உருவாக்கிய விளையாட்டுகளே இதன் வேர். அவருடைய மகன் பால் சில்ஸ் 1959-இல் அதே நகரத்தில் ‘செகண்ட் சிட்டி’ என்ற நகைச்சுவை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். அம்மாவின் விளையாட்டுகளை மகன் மேடைக்குக் கொண்டுபோனார்.

படி 4: ஏற்பதும் சேர்ப்பதும்

எல்லாப் பயிலரங்குகளிலும் முதலில் சொல்லித்தரும் விதி இது. எதிரில் இருப்பவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அதோடு ஒன்றைச் சேருங்கள். “மருத்துவரே, 2 நாட்களாக என் நிழல் என்னோடு வருவதில்லை” என்றால், “நான் மருத்துவர் இல்லையே” என்பது மறுப்பு. “தெரியும், நேற்று அது தனியாக வந்து உங்களைப் பற்றிப் புகார் சொன்னது” என்பது சேர்ப்பு. புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். என்னால் ஏன் அதைச் செய்ய முடியவில்லை என்பது அடுத்த படியில்.

படி 5: அந்தாதி

இந்தப் படியில் நிதானமாக இருங்கள்.

என் தொடக்ககால நிகழ்ச்சி ஒன்றில், தோழி இல்லாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, “அப்பா, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது” என்றாள். குரல் தழுதழுத்தது. நானோ அவள் பேசிக்கொண்டிருந்தபோதே மனத்துக்குள் ஒரு கப்பல் தலைவனின் வசனத்தைக் கோத்துவைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அரங்கம் அமைதியாகிவிட்டது. அதைவிட, அத்தனை பேர் நடுவில் அவள் தனியாக நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. விதி எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் சொன்னது காதில் விழுந்தால்தானே ஏற்க முடியும்?

இதற்கு மருந்து நம் கையிலேயே இருந்தது. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்குவது அந்தாதி. அதே முறையில் பேசுங்கள். இருவர் எதிரெதிரே நின்று, டைமரில் 5 நிமிடம் வைத்து, மற்றவருடைய கடைசிச் சொல்லிலேயே உங்கள் பேச்சைத் தொடங்க வேண்டும். சொல்லின் உருவம் சற்று மாறலாம்.

“கதவு திறக்கவில்லை.”

“திறக்காது அம்மா, சாவியை நான் விழுங்கிவிட்டேன்.”

“விழுங்கிவிட்டாயா? வாயைத் திற, எடுக்கிறேன்.”

“எடுக்க முடியாது, அதற்குக் கீழே நேற்றைய பூட்டு இருக்கிறது.”

“இருக்கட்டும், இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் நீ ஏப்பம் விடும்போது திறந்துகொள்ளும்.”

தமிழில் இந்தப் பயிற்சிக்குத் தனி வலிமை உண்டு. நம் வாக்கியத்தில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். “உன் கடிதத்தை நான் தினமும் எடுத்துப் படிக்க…” என்று ஒருவர் இழுக்கும்போது அது காதலா, சண்டையா என்று உங்களுக்குத் தெரியாது. “படிக்கிறேன்” என்று முடிக்கலாம், “படிக்கவே இல்லை” என்றும் முடிக்கலாம். கடைசி அசை வரும்வரை உங்களால் எதையும் திட்டமிட முடியாது. காத்திருக்கத்தான் வேண்டும்.

முதல் சில நாட்கள் பேச்சு கட்டையாக இருக்கும். பரவாயில்லை. கடைசிச் சொல்லைக் கேட்டபின் ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பேசுங்கள். அந்த இடைவெளியை உங்கள் பாத்திரம் யோசிப்பதாகவே பார்வையாளர் எடுத்துக்கொள்வார். மூன்றாவது வாரம் சொல்லைத் திரும்பச் சொல்வதை விட்டுவிட்டு, மூச்சை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் நடந்த நிகழ்ச்சியில் நண்பர் ஒருவர் கடிகாரம் பழுதுபார்ப்பவராக வந்து, “சரிசெய்துவிட்டேன். ஆனால் இனி வியாழக்கிழமை மட்டும்தான் ஓடும்” என்றார். என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை. “ஓடட்டும். அன்றைக்குத்தான் எனக்கும் உயிர் வரும்” என்றேன். அரங்கம் வெடித்தது. மற்ற நால்வரும் ஒவ்வொருவராக வந்து, வியாழக்கிழமை மட்டும் வாழும் ஓர் ஊரையே கட்டி எழுப்பினார்கள். முடிந்து வெளியே வந்தபோது, அந்த ஊரை யார் கண்டுபிடித்தது என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

படி 6: முதல் வரியில் உறவு

“நீ”யா, “நீங்கள்”ஆ என்பதிலேயே பாதிக் காட்சி முடிவாகிவிடும். இருவருக்கிடையே ஏறி இறங்கும் தாழ்வும் உயர்வும்தான் காட்சியை நகர்த்துகிறது என்று கற்பித்தவர் கீத் ஜான்ஸ்டோன் என்ற இம்ப்ராவ் ஆசிரியர். “நீங்கள்” என்று தொடங்கும் காட்சியை 2 நிமிடத்துக்குள் “நீ”யில் கொண்டுபோய் முடித்துப் பாருங்கள். அவர் சொன்னது உடனே விளங்கும்.

படி 7: வெட்டுவது

ஓரத்தில் நிற்பவர் மேடையின் முன்பக்கம் குறுக்கே ஓடினால் காட்சி முடிந்தது என்று பொருள். பெரிய சிரிப்பு வந்தவுடன் ஓடுங்கள். இன்னொரு சிரிப்பு வரும் என்று காத்திருந்தால் காட்சி நீர்த்துப்போகும்.

படி 8: முதல் நிகழ்ச்சி

20 நிமிடம், 5 காட்சிகள். அமெரிக்க இம்ப்ராவ் ஆசிரியர் டெல் குளோஸின் பெயரோடு இணைந்த, ஒரே சொல்லிலிருந்து பல காட்சிகளைப் பின்னும் ‘ஹெரால்ட்’ என்ற நீண்ட வடிவம் 1967-இல் தோன்றியது, அழகானது. ஆனாலும் முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம் என்பேன். பார்வையாளரிடம் “ஒரு சொல் கொடுங்கள்” என்று கேட்டால் அவர் திகைத்துப்போவார். “கடைசியாக எதைத் தொலைத்தீர்கள்?” என்று கேளுங்கள், உடனே பதில் வரும். மேடையேறும் முன் ஒவ்வொருவர் முதுகிலும் கைவைத்து, “நான் இருக்கிறேன்” என்று சொல்லுங்கள். நாங்கள் ஒருநாளும் இதைத் தவறவிட்டதில்லை.

பின்சேர்க்கை: எதையும் ஏற்க வேண்டும் என்றால் தொடுவதையும் ஏற்க வேண்டுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இல்லவே இல்லை. ஏற்பது கதையை மட்டுமே. எங்கே தொடலாம், எந்தப் பேச்சு வேண்டாம் என்பதைப் பயிற்சிக்கு முன்பே ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு பின்சேர்க்கை: எண்ணும் விளையாட்டில் தம் குழு 14-ஐத் தாண்டவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண்ணுவதற்குமுன் ஒரு நிமிடம் பேசாமல் நின்று, பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கேளுங்கள். பேசப்போகிறவர் முதலில் மூச்சை இழுப்பார், அது காதில் விழும். எங்களுக்கு 20 கிடைத்தது அப்படித்தான். உங்களுக்குக் கிடைத்ததும் எழுதுங்கள், ஆவலோடு இருக்கிறேன்.