தொழிலுக்காகப் புத்தகம் எழுதுபவர்கள் பாதியில் நிற்பது ஏன்?

என் மேசை இழுப்பறையில் மூன்று வருடம் ஒரு நோட்டு கிடந்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் புத்தகத்தின் தலைப்பு, உள்ளே 42 பக்கம் எழுத்து, அப்புறம் வெறும் தாள். சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். (நான் ஆடிட்டர் இல்லை. ஆனாலும் கடைவீதி முழுக்க எனக்கு ‘ஆடிட்டர் சார்’ என்றுதான் பெயர்.) ஒரு புத்தகம் போட்டால் நாலு ஊருக்கு நம்மைத் தெரியும், புதிய கடைகள் வரும் என்று ஆரம்பித்தது. பாதியில் நின்றதற்குச் சோம்பல்தான் காரணம் என்று வெகுகாலம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் எழுதப் பிடிக்காதபடி நானே அதை ஆக்கி வைத்திருந்தேன்.

முதலில் செய்த தவறு, முதல் பக்கத்திலிருந்து எழுத உட்கார்ந்தது. அந்த 42 பக்கத்தில் 15 பக்கம் வரியின் வரலாறு. அரசர் காலத்து வரி, விற்பனை வரி, 2007-இல் தமிழ்நாட்டுக்கு வந்த வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி, 2017 ஜூலை 1-இல் வந்த ஜிஎஸ்டி என்று ஒன்றையும் விடவில்லை. எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. என் எதிரே வந்து உட்காரும் மளிகைக் கடை அண்ணாச்சி ஒருநாளும் வாட் எப்போது வந்தது என்று கேட்டதில்லை. அவர் கேட்டது இது: “காம்போசிஷன்ல இருக்கேன் சார், பில்லுல வரி போடலாமா?”

போடக் கூடாது. காம்போசிஷன் என்பது சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம். அதில் இருக்கும் வியாபாரி வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்க முடியாது. விற்பனையில் 1 சதவீதத்தைத் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அவர் கொடுக்க வேண்டியதும் வரி பில் இல்லை, வரியைத் தனியாகக் காட்டாத ‘பில் ஆஃப் சப்ளை’. இதை அவருக்குப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆனது. அன்று ராத்திரி அதையே எழுதிப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் மூன்று பக்கம் வந்துவிட்டது. மறுநாளே ஒரு பழைய டைரியை மேசை மேல் வைத்து, யார் எதைக் கேட்டாலும் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் 60-க்கு மேல் சேர்ந்தது. திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்தால் 34. என் புத்தகத்தின் பொருளடக்கம் அதுதான். வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும் என்று பிறகு தெரிந்தது, அதையும் கடைசியில்தான் எழுதினேன்.

அடுத்தது மொழி. வாயால் பேசும்போது சரளமாக இருப்பவர்கள்கூட பேனாவை எடுத்தவுடன் அரசாணை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். “வரி செலுத்துவோர் உரிய காலத்திற்குள் படிவத்தினைத் தாக்கல் செய்தல் வேண்டும்” என்று நோட்டில் இருக்கிறது. கடைக்காரரிடம் நான் இப்படியா பேசுவேன்? “20-ஆம் தேதியைத் தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் நாளுக்கு 20 ரூபாய் கட்ட வேண்டும்” என்பேன். இரண்டாவது மாதிரி எழுதினால் கை தானாக ஓடுகிறது. முதல் மாதிரி எழுதினால் நாலு வரிக்குள் டீ குடிக்கப் போகத் தோன்றுகிறது. அப்படி எழுத வராதவர்கள் போனில் பேசிப் பதியலாம். கூகுள் டாக்ஸில் தமிழில் பேசினாலே எழுத்தாகிறது. சந்திப் பிழை நிறைய இருக்கும், அதைத் திருத்த ஆள் கிடைப்பார்.

தினமும் ஆயிரம் வார்த்தை என்று சபதம் எடுப்பதை நான் நம்புவதில்லை. எழுத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு அது சரி. எனக்கு மாதத்தில் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவத்துக்குக் கடைசி நாள், 20-ஆம் தேதி வரி கட்டும் 3பி படிவத்துக்கு. அந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் சாப்பிடவே நேரம் இருக்காது. சபதம் 9-ஆம் தேதி உடையும், உடைந்த பிறகு நோட்டைத் திறக்கவே கூச்சமாக இருக்கும். இதற்கு மேல், பொங்கல் சமயத்துச் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று ஒரு நண்பர் ஆசை காட்டினார். ஆண்டுக் கணக்கு தாக்கலுக்குக் கடைசி நாள் டிசம்பர் 31 என்பதை நான் மறந்தேபோனேன். உங்கள் தொழிலில் எந்த நாட்கள் ஓய்ந்திருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு அது 21-ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை. அந்த நாட்களில் மட்டும், கடை திறக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். மற்ற நாட்களில் எழுதாததற்கு வருத்தப்படவும் இல்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசைக்கு நான் கொடுத்த விலை ஒன்பது பக்கம். எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்று அழகாக அட்டவணை போட்டு வைத்திருந்தேன். 2025 செப்டம்பர் 22-இல் விகிதங்கள் மாறின. வெண்ணெய், நெய் எல்லாம் 12-லிருந்து 5-க்கு வந்தன. அட்டவணை குப்பைக்குப் போனது, அதோடு ஒரு மாத உற்சாகமும் போனது. அடிக்கடி மாறுவதைப் புத்தகத்தில் வைக்காதீர்கள். பின்னட்டையில் ஒரு கியூஆர் கோடு வைத்து அலுவலக வாட்ஸ்அப்புக்குக் கொண்டுபோனால் போதும். புது விகிதம் கேட்டு வருகிறவர் உங்கள் எண்ணுக்கே வருவார், தொழிலுக்கும் அதுதானே வேண்டும்?

பாதி எழுதும் முன்பே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அட்டைப் படம் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் யாராவது “புத்தகம் என்னாச்சு?” என்று கேட்பார்கள். இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது கல்யாணத்துக்கே போகப் பிடிக்காது.

ராயல்டி கணக்கும் ஆளைச் சாய்க்கும். 200 ரூபாய் புத்தகம், 10 சதவீதம், ஆயிரம் பிரதி விற்றாலும் 20,000 ரூபாய். மூன்று வருட உழைப்பை இதோடு வைத்துப் பார்த்தால் யாருக்கும் எழுதத் தோன்றாது. வருடம் முழுக்கக் கணக்கு பார்க்க இரண்டு கடை புதிதாக வந்தாலே எனக்கு அதற்கு மேல் கிடைக்கும். நான் எண்ணியது அந்தக் கடைகளைத்தான்.

புத்தகம் வெளிவந்த பிறகு முதலில் வந்தவர் ஒரு ஜவுளிக் கடைக்காரர். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நாலைந்து இடத்தில் பக்கத்தை மடித்துவைத்து வந்தார். “காம்போசிஷன்ல இருந்துக்கிட்டே ஆன்லைன்ல விக்கலாமா சார்? இதுல அது இல்லையே” என்றார். மாநிலத்துக்குள் விற்கலாம், 2023 அக்டோபரிலிருந்து அனுமதி உண்டு, வெளிமாநிலத்துக்கு விற்கத்தான் கூடாது என்று சொல்லிவிட்டு, டைரியைத் தேடி 35 என்று எண் போட்டேன்.