மாலை வகுப்பு ஏன் காலியாகிறது? பள்ளியில் மாணவர் உதவித் திட்டம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு தொடங்கினோம். முதல் நாள் நாற்பது பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் ஒன்பது பேர். "பசங்களுக்கு அக்கறை இல்ல சார்" என்று ஆசிரியர் அறையில் பேசி முடித்துவிட்டோம். அதுதான் நாங்கள் செய்த முதல் தவறு. வராத பிள்ளையிடம் ஏன் வரவில்லை என்று யாருமே கேட்கவில்லை.

பிறகு ஒரு மாணவியின் வீட்டுக்குப் போனேன். அம்மா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மகள் நாலரைக்கு வீட்டுக்கு வந்தால்தான் உலை வைக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் ஆள். அவள் ஆறரைக்கு வந்தால் அன்றைக்கு ஆயிரம் பீடி முடியாது, கூலி குறையும். "நான் அனுப்பமாட்டேன்னு சொல்லல சார், காலையில வெச்சா அனுப்புறேன்" என்றார். வகுப்பைக் காலை எட்டு மணிக்கு மாற்றினோம். போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வந்தார்கள். வீட்டு வேலை பிள்ளையின் படிப்பைத் தின்னக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த வீடு ஓடும் நேரத்தைத் தெரிந்துகொள்ளாமல் போட்ட அட்டவணை சுவரில்தான் தொங்கும்.

பசியையும் மறந்துவிடுகிறோம். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு. மதியம் சாப்பிட்ட பிள்ளையை ஆறு மணி வரை வெறும் வயிற்றில் உட்காரவைத்து இயற்கணிதம் நடத்தினால் ஏறாது. சுண்டலுக்கு வழி செய்துவிட்டு வகுப்பை அறிவியுங்கள். ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் இருந்தால், கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்ட பிறகே மணியைக் குறியுங்கள்.

அடுத்த தவறு எனக்கு இன்னும் உறுத்துவது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் "மெல்லக் கற்போர்" பட்டியலை ஒலிபெருக்கியில் வாசிப்பது. பதினான்கு வயதுப் பையனுக்கு அது தண்டனை. பெயர் வாசிக்கப்பட்ட அன்றே நண்பர்கள் அவனை 'மெல்லக்' என்று கூப்பிடத் தொடங்குவார்கள். அவனுக்கு வகுப்பின் மேல் வெறுப்பில்லை, அந்தப் பெயரின் மேல்தான் வெறுப்பு. இலவச நோட்டு, பை கொடுப்பதிலும் இதே கதை. மேடையில் நிற்கவைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், அடுத்த முறை தேவை உள்ள பிள்ளை கை நீட்டாது. "கணக்குப் பயிற்சி, வர விரும்புகிற எல்லாரும் வரலாம்" என்று அறிவியுங்கள். வந்தே ஆகவேண்டிய பிள்ளையிடம் வகுப்பாசிரியர் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அறிவிப்புக்கு வருவோம். பள்ளி வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தால் அதைப் பார்ப்பது ஏற்கெனவே உள்ளே வருகிறவர்கள். வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கைத் தமிழில் போட்ட செய்தி அப்பாவின் கைப்பேசியிலேயே கிடக்கும். பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் மேல்விசாரத்திலும் உருது பேசும் அம்மாக்கள் பலர், அவர்களுக்கு உருதுவிலும் ஒரு துண்டுச்சீட்டு வேண்டும். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாக்களைப் புதன்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டத்துக்கு அழைப்பது ஒரு நாள் கூலியைக் கேட்பதற்குச் சமம். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். ரேஷன் கடை, பீடி இலை வாங்கும் இடம், ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசல், இங்கே சொன்னால் செய்தி வீட்டுக்குள் போகும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களையே சொல்லச் சொல்லுங்கள்.

பணம் கைநழுவும் தவறுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இணையத்தில் புதுப்பிக்கவேண்டும். தேறிய அன்று கழுத்தில் மாலை போட்டுப் பாராட்டும் பள்ளிகள் பல, அடுத்த ஆண்டு புதுப்பித்தாயா என்று கேட்பவை சில. தனியார் பள்ளிக்கு மாறினால் அந்தத் தொகை நின்றுவிடும் என்பதையும் முன்பே சொல்லவேண்டும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் கல்லூரியில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய்க்கும், 2020 முதல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே எந்தப் பள்ளி என்பது கணக்கில் வரும். இதைப் பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லிப் பயனில்லை, ஆறாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லவேண்டும்.

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் உதவித்தொகை தனியாக உண்டு. குடியாத்தம் பக்கத்திலேயே அது தெரியாத ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழை விண்ணப்ப வாரத்தில் தேடுவது இன்னொன்று. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி இனத்தார் (கேரளத்தவர் அல்லர்) பழங்குடிப் பட்டியலில் பழைய 'வட ஆற்காடு' மாவட்டப் பெயரோடுதான் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாதிச் சான்று தருவது வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். மற்றச் சான்றுகளைவிட நாளாகும். ஜூன் மாதமே தொடங்கிவிடுங்கள். வங்கிக் கணக்கு மாணவர் பெயரில் இருக்கிறதா, ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

கடைசியாக, திட்டத்தைப் பொதுத்தேர்வோடு மூடிவிடுவது. தேர்வு முடிந்ததும் தன்னார்வலர்களுக்குச் சால்வை போட்டு அனுப்பிவிடுகிறோம். முடிவு வருவது கோடை விடுமுறையில், பள்ளி பூட்டியிருக்கும்போது. துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்கள்தான் தருவார்கள். ஒரு பாடத்தில் போன பையனுக்கு அந்தத் தேதியைச் சொல்ல ஊரில் ஆள் இருக்காது. தவறியவர்களின் பட்டியலும் வீட்டு முகவரியும் இரண்டு ஆசிரியர்கள் கையிலாவது இருக்கட்டும். முடிவு வந்த அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடுங்கள். ஒரு முறை நான் பத்து நாள் கழித்துப் போனேன். பையன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று அவன் பாட்டி சொன்னார்.