சாரலுக்கும் அடைமழைக்கும் ஒலிக்கும் தோட்ட மணி: வீட்டிலேயே செய்யலாம்

தென்காசியில் ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஓய்வதே இல்லை. கூடவே சாரல். அந்தக் காற்றுக்கு ஒரு குரல் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில்தான் எங்கள் மாடித் தோட்டத்துக்கு இந்தக் குழாய் மணியைச் செய்தேன். முதலில் செய்தது "டக் டக்" என்று தட்டியதே தவிர ஒலிக்கவில்லை. இரண்டாவது மணி மூன்று ஆடிக்காற்றைப் பார்த்துவிட்டது, இன்னும் கணீரென்று பேசுகிறது. இரண்டும் ஒரே குழாயில் வெட்டியவைதான். துளை போட்ட இடம் மட்டும் வேறு.

என்னென்ன வேண்டும்

1 அங்குல விட்டமும் ஒன்றரை மி.மீ. கனமும் உள்ள அலுமினியக் குழாய் 3 மீட்டர். அலுமினிய ஜன்னல் வேலை செய்யும் கடையில் கிடைக்கும். மேலே தொங்கவிட 18 செ.மீ. மர வட்டம், நடுவில் அடிக்க 7.5 செ.மீ. மர வட்டம், முறுக்கிய நைலான் நூல், ஹேக்ஸா பிளேடு, அரம், டிரில்.

பி.வி.சி. குழாய் வேண்டவே வேண்டாம், அதற்குக் குரல் கிடையாது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் எடை அதிகம், வெட்டிய இடத்தில் துருவும் பிடிக்கும். பருத்தி நூலும் சணலும் ஒரு மழைக்காலத்தில் இற்றுவிடும். தூண்டில் போடும் தங்கூசி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெயிலில் மொரமொரத்துப் போய் அறுந்துவிடுகிறது.

வெட்டுவது

நான் எடுத்துக்கொண்டது மோகன ராகம். ச, ரி, க, ப, த ஐந்தில் எந்த இரண்டு சேர்ந்து ஒலித்தாலும் காதை உறுத்தாது. காற்று எதை முதலில் அடிக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது, அதனால் இது முக்கியம்.

வீணைத் தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். குழாயில் அப்படியில்லை, நான்கு மடங்காகிவிடும். அந்தக் கணக்கில் வந்த நீளங்கள் இவை: ச 60 செ.மீ., ரி 56.6, க 53.7, ப 49, த 46.5. ஒவ்வொன்றையும் 2 மி.மீ. கூட்டியே வெட்டுங்கள். அரத்தால் தேய்க்கத் தேய்க்கச் சுருதி ஏறும். ஏறிப்போனால் இறக்க வழியில்லை. போனில் ஒரு சுருதிப்பெட்டி செயலியைப் போட்டுக்கொண்டு, ஒத்து வரும்வரை பொறுமையாகத் தேயுங்கள்.

துளை

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் தடவை எல்லாக் குழாயிலும் மேல் முனையிலிருந்து 2 செ.மீ. விட்டுத் துளை போட்டேன். பார்வைக்கு நேர்த்தியாக இருந்தது. ஆனால் அடிபட்டதும் குழாய் வில்லைப் போல இப்படியும் அப்படியும் வளைந்து அதிர்கிறது. முனைகளும் நடுவும்தான் அதிகம் ஆடும். ஆடுகிற இடத்தில் நூலைக் கட்டினால் ஒலியை நூல் தின்றுவிடும். நீளத்தில் 22.4 சதவீத தூரத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வோர் இடம் ஆடாமல் நிற்கும். அங்கே துளை போட வேண்டும்.

நம் அளவுகளுக்கு மேல் முனையிலிருந்து: ச 13.4 செ.மீ., ரி 12.7, க 12, ப 11, த 10.4.

துளை போடும் முன் ஒரு தடவை கையாலேயே சோதித்துப் பாருங்கள். குழாயை முனைக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் லேசாகப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு மரக்கரண்டியால் தட்டுங்கள். சத்தம் உடனே செத்துவிடும். விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் குழாய் சட்டென்று வாய் திறந்து "ணங்ங்ங்" என்று இழுக்கும், விரலில் அதிர்வே தெரியாது. நான் முதன்முதலில் அதைக் கேட்டபோது பழைய குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி துளைக்க உட்கார்ந்துவிட்டேன்.

டிரில் பிட் வழுக்காமல் இருக்க முதலில் ஆணியால் ஒரு புள்ளி குத்திக்கொள்ளுங்கள். துளையின் விளிம்பை உள்ளும் புறமும் வழவழப்பாக்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் அதுவே கத்தியாகி நூலை அறுக்கும்.

கோப்பது

மேல் வட்டத்தில் 14 செ.மீ. விட்டத்தில் ஐந்து குழாயையும் சம இடைவெளியில் தொங்கவிடுங்கள். மேல் முனைகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குழாயின் நடுவிலும் சாக்பீஸ் கோடு போட்டு, கோடுகள் ஒரே மட்டத்தில் வரும்படி நூலைக் கட்டுங்கள். அடிக்கும் வட்டம் அந்த மட்டத்தில் தொங்க வேண்டும். நடுவில் பட்டால்தான் குழாயின் அடிப்படைச் சுருதி முழுசாக வரும். அதற்குக் கீழே காற்றுப் பிடிக்க ஒரு தகடு.

மழைக்கு

சாரல் நாட்களில் காற்றும் சேர்ந்து வருவதால் பிரச்சினை இல்லை. ஐப்பசியில்தான் தெரிந்தது: காற்றே இல்லாமல் மழை நேராகக் கொட்டுகிறது, மணி நனைந்துகொண்டு சும்மா நிற்கிறது. மழைத்துளிக்குக் குழாயை அசைக்கும் பலம் போதாது.

ஜப்பானியத் தோட்டங்களில் மூங்கிலில் தண்ணீர் நிரம்பிக் கவிழ்ந்து, திரும்பி வரும்போது கல்லில் தட்டும் அமைப்பு ஒன்று உண்டு. ஷிஷி ஓடோஷி என்பார்கள். மான், பன்றியை விரட்ட வந்தது. அதையே நம் வீட்டுக் குழிக்கரண்டியில் செய்தேன். காம்பில், குழிக்குச் சற்றுத் தள்ளி ஒரு துளை போட்டுக் கம்பி கோத்து, சன்ஷேடு விளிம்பில் நீர் சொட்டும் இடத்துக்குக் கீழே சீசா போலப் பொருத்துங்கள். குழி காலியாக இருக்கும்போது காம்பு கீழே இருக்க வேண்டும். அது தங்க ஓர் ஆணி. காம்பு நுனியிலிருந்து அடிக்கும் வட்டத்துக்கு ஒரு நூல், கொஞ்சம் தொய்வாக. குழி நிரம்பிக் கவிழும்போது காம்பு மேலே எழும்பி நூலைச் சுண்டும், மணி ஒலிக்கும். கவிழ மறுத்தால் துளையைக் குழியிலிருந்து இன்னும் தள்ளிப் போடுங்கள். கவிழ்ந்தது திரும்பாவிட்டால் காம்பு நுனியில் ஒரு நட்டு மாட்டுங்கள்.

காம்பே நேராகக் குழாயை அடிக்கும்படி வைக்கலாமே என்று தோன்றும். நானும் வைத்தேன். அடித்த காம்பு குழாயிலேயே சாய்ந்து ஒலியை அமுக்கிவிடுகிறது.

பின்சேர்க்கை

கனம் வேறாக உள்ள குழாயில் இதே அளவுக்கு வெட்டியவர் ஒருவர், சுருதிப்பெட்டியோடு ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தார். ச எங்கே விழும் என்பது குழாயைப் பொறுத்தது. ஐந்தும் ஒரே குழாயிலிருந்து வெட்டியவையாக இருந்தால் போதும், உங்கள் ச-வை வைத்துக்கொண்டு மற்றதைச் சேருங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் கொக்கி, திருகு எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். உப்புக்காற்று சாதா இரும்பை விட்டுவைக்காது.

ஆடிக்காற்று இரவெல்லாம் அடிக்கும், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம். மேல் வட்டத்தின் அடியில் ஒரு சிறு கொக்கி திருகி வையுங்கள். படுக்கும் முன் கரண்டி நூலைக் கழற்றிவிட்டு, அடிக்கும் வட்டத்தைத் தூக்கி அதில் மாட்டினால் மணி பேசாமல் இருக்கும். காலையில் செடிக்குத் தண்ணீர் விடப் போகும்போது இறக்கிவிடலாம்.